மாணவர் ஊழியக் குழுவை ஏற்று நடத்துதல்

கோடை விடுமுறையிலோ, செமஸ்டர் தேர்வு முடிந்த டிசம்பர் இடைவெளியிலோ, ஏழிலிருந்து பத்து நாள் வரை ஒரு கிராமச் சபையில் தங்கி ஊழியம் செய்யக் கல்லூரி மாணவர் குழுக்கள் வருவதுண்டு. 1912இல் தொடங்கிய இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம், 1954இல் உருவான யூனியன் ஆஃப் இவான்ஜெலிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் இந்தியா (யு.இ.எஸ்.ஐ.) போன்ற அமைப்புகளின் கிளைகளும், கல்லூரி விடுதிகளின் ஜெபக்குழுக்களும், நகரத்து ஆலயங்களின் வாலிபர் சங்கங்களும் இப்படிக் குழுக்களை அனுப்புகின்றன. அனுப்புகிறவர்களுக்குப் பயிற்சி ஏடுகள் உண்டு. வருகிறவர்களை ஏற்கும் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதிக்கு, பெரும்பாலும் எதுவும் கிடையாது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரம் ஒன்றை மனத்தில் கொண்டு இந்த அத்தியாயம் அமைகிறது. மற்ற இடங்களிலும் சபைகளிலும் பெயர்கள் மாறும். செய்ய வேண்டியவை பெரும்பாலும் மாறுவதில்லை.

பத்து நாளில் ஓர் ஊர் மாறிவிடுவதில்லை. புதிய ஊழியம் ஒன்று வேர்பிடிப்பதும் இல்லை. சேகரத்தில் ஏற்கெனவே நடக்கும் வேலைக்குக் கூடுதல் கை கிடைக்கும். வீட்டோடு முடங்கியவர்களின் வாசலில் புதிய முகம் தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது எட்டிப் பிடிக்கக்கூடியது என்ற நம்பிக்கை பிறக்கும். ஆனால் அந்த நாட்களின் பெரும் பலன் வந்தவர்களுக்கே சேர்கிறது என்பதை இரு தரப்பும் முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. இதற்கு நெல்லைக் கிறிஸ்தவர்களின் வரலாற்றிலேயே சான்று உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையிலிருந்தே இந்தியக் கரைக்கு ஊழியரை அனுப்பிவருவதைக் கண்டார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. மறு ஆண்டே, 1903இல், நெல்லையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. போன இடத்தில் கற்றுக்கொண்டதை ஊர் திரும்பிச் செய்து காட்டியவர் அவர். ஒரு மாணவர் குழுவிடமிருந்து சேகரம் எதிர்பார்க்கத் தகுந்த மிகப் பெரிய பலனும் அதுதான்.

அழைப்பும் மறுப்பும்

கல்லூரியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததும் ‘வாருங்கள்’ என்று சொல்லிவிடும் பழக்கம் பல சபைகளில் இருக்கிறது. விருந்தோம்பலுக்குப் பேர்போன சபைகளில்தான் இது அதிகம். அங்கேதான் கடைசி நாட்களில் சபை ஊழியரின் குடும்பம் திணறிப்போகிறது. கோரிக்கை வந்தவுடன் சேகர குரு தனியாக முடிவெடுக்காமல், சேகரக் கமிட்டியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் அதை வைக்க வேண்டும். பெண்கள் சங்கத்தைக் கேட்பது மரியாதைக்காக அல்ல. சமையல், தண்ணீர், படுக்கை, மாணவிகளின் பாதுகாப்பு அனைத்தும் கடைசியில் அவர்கள் தலையில்தான் விழும். அவர்கள் ‘இந்த மே மாதம் முடியாது’ என்றால் முடியாதுதான்.

கமிட்டி கேட்க வேண்டிய முதல் கேள்வி, குழு என்ன செய்ய விரும்புகிறது என்பதன்று. அந்த மாதத்தில் சேகரத்துக்கு எதில் ஆள் குறைகிறது என்பதே. அதற்கு விடை கிடைத்த பிறகுதான் அழைப்புக் கடிதம். கடிதத்தில் வேலை எது, எத்தனை பேர் தேவை, எத்தனை நாள், எங்கே தங்குவார்கள், சாப்பாட்டுச் செலவை யார் ஏற்பார்கள், பொறுப்பாசிரியர் கூட வருகிறாரா, எவை கூடாது என்பவை வெளிப்படையாக இருக்க வேண்டும். திருமண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும். வெளிக் குழுக்களுக்குப் பேராயரின் அனுமதி தேவைப்படும் திருமண்டலங்களில் அந்த அனுமதியைப் பெறுவது ஏற்கும் சேகரத்தின் வேலை, மாணவர்களின் வேலையன்று.

மறுக்கவும் சேகரத்துக்கு உரிமை உண்டு. பொறுப்பான பெரியவர் ஒருவரும் இல்லாமல் வரும் குழுவையும், நிகழ்ச்சி நிரலை முழுவதும் தானே எழுதிக்கொண்டு வரும் குழுவையும், படம் பிடித்துப் போடுவதிலேயே குறியாக இருக்கும் குழுவையும் மறுப்பது நல்லது. அன்பாகவும் காரணத்தோடும் எழுதிய மறுப்புக் கடிதம் அந்த மாணவர்களுக்கும் பயன்படும்.

காலமும் எண்ணிக்கையும்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை உள்ள குழுவே கிராமச் சேகரத்துக்குத் தாங்கும். இருபதைத் தாண்டினால் அது சுற்றுலா போல ஆகிவிடும். மாணவர்கள் ஊராரோடு பேசுவதைவிட்டுத் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். ஒற்றைப்படையைத் தவிர்ப்பது வசதி. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். வீடு சந்திப்புக்கும் இரவு தங்குவதற்கும் இரண்டு பேர் என்ற கணக்கு இன்றும் சரியாகவே பொருந்துகிறது.

நாட்களைப் பொறுத்தவரை ஏழுக்குக் குறைந்தால் பெயர் தெரிந்துகொள்வதற்குள் விடைபெற வேண்டியிருக்கும். பத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர்களின் அன்றாட வேலை கெடும். ஆதித் திருச்சபையின் கையேடான டிடாக்கே, ஊர் ஊராகப் போகும் ஊழியர் ஒரு சபையில் ஒரு நாளோ, தேவையானால் இரண்டு நாளோ தங்கலாம் என்றும், மூன்றாம் நாளும் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவர் மெய்யான ஊழியர் அல்லர் என்றும் கண்டிப்பாக வரம்பு கட்டுகிறது. அந்தக் கணக்கை இன்று அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஏற்பவரின் சுமைக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற எண்ணம் சபையில் எவ்வளவு பழையது என்பதற்கு அது அடையாளம்.

மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை. விடுமுறை வேதாகமப் பள்ளியும் அப்போதுதான் நடக்கும். வெயிலோ கடுமையாக இருக்கும். காலை ஆறிலிருந்து பத்து வரையும், மாலை நான்குக்குப் பிறகும் வேலை வைத்து, நடுப்பகலை ஓய்வுக்கும் படிப்புக்கும் விட்டுவிட வேண்டும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சில நூறு பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. டிசம்பர்க் குழுவை ஏற்பவர்கள் திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாள் தளர்வும், கையிருப்பில் அரிசி, மெழுகுவத்தி, குடிநீரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஆலயத்தின் அசன (பொது விருந்து) நாட்களில் சமையலுக்கும் பந்திக்கும் ஆள் போதாது. மாணவர்கள் வந்தால் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் உதவியாக இருக்கும், ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடுவார்கள். ஆனால் தனியாக வேறு நிகழ்ச்சி எதுவும் அந்த நாட்களில் நடத்த முடியாது. பக்கத்துத் தெருவில் அம்மன் கோவில் கொடை விழா நடக்கும் வாரத்தில் குழுவை வரவழைக்கவே கூடாது. ஒலிபெருக்கிக்கு எதிராக ஒலிபெருக்கி வைக்கும் நிலை எந்த ஊருக்கும் நல்லதன்று.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஆகிய இரவு ரயில்கள் வசதி. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. விடுமுறைக் காலத்தில் பன்னிரண்டு இருக்கை ஒன்றாகக் கிடைக்க வேண்டுமானால், பெயர்ப்பட்டியலும் தேதியும் அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தங்குமிடம்

பள்ளிக்கூடத்து வகுப்பறை, ஆலயத்தின் பக்கத்து மண்டபம், குருமனை, சபையாரின் வீடுகள் என்று நான்கு வழிகள் உண்டு. வகுப்பறையில் எல்லாரையும் ஒன்றாகப் படுக்கவைப்பது நிர்வாகத்துக்கு எளிது. வீடுகளில் தங்கவைப்பதே பயன் மிகுந்தது. வீட்டில் தங்கும் மாணவர்தான் அதிகாலையில் மோட்டார் போடும் நேரத்தையும், பீடி சுற்றும் அம்மாவின் கையையும், வெளிநாட்டில் இருக்கும் மகனின் இரவு நேர அழைப்பையும் அறிவார். மாணவிகளை வீடுகளிலும், மாணவர்களைப் பள்ளிக் கட்டடத்திலும் தங்கவைக்கும் கலப்பு ஏற்பாடு பல இடங்களுக்கு ஒத்துவரும்.

வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில் கமிட்டி கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டைல்ஸ் போட்ட, மேற்கத்தியக் கழிப்பறை உள்ள நான்கு வீடுகளைத் தேர்ந்துவிட்டு வசதியைக் காரணமாகச் சொல்வது எளிது. அந்த நான்கு வீடுகளும் ஒரே தெருவில், ஒரே சாதியாரின் வீடுகளாக இருந்தால், சேகரத்தில் பாதிப் பேரை மாணவர்கள் பார்க்காமலே போய்விடுவார்கள். சபையில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, விருந்தாளியை மட்டும் ஒரு பக்கத்தில் நிறுத்துவது பொய்ச் சாட்சி. ஆலயத்தோடு சேர்ந்த எல்லாக் கிளைச் சபைகளிலிருந்தும், குறிப்பாகத் தலித் கிறிஸ்தவர்களின் குடியிருப்பிலிருந்தும் வீடுகள் பட்டியலில் இருக்க வேண்டும். தங்க வசதியில்லாத வீட்டில் ஒரு வேளை உணவாவது இருக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து முகம் சுளிக்கும் குரல் கமிட்டியில் எழலாம். அந்த விவாதத்தைக் குழு வருவதற்கு முன்பே முடித்துவிடுவது சேகர குருவின் கடமை.

ஒரு வீட்டில் சேர்த்தவரைக் கடைசிவரை அங்கேயே விட்டுவிட வேண்டும். வீடுவிட்டு வீடு மாறாதிருக்கச் சொல்லும் அதே லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இதற்கு அடிப்படை இருக்கிறது. வசதியான வீட்டுக்கு மாறிப் போகும் மாணவர், விட்டுவந்த வீட்டாரை ஊர் நடுவே தலைகுனிய வைத்துவிடுகிறார்.

தண்ணீர்தான் தென்மாவட்டக் கிராமங்களின் உண்மையான பிரச்சினை. நகரத்து மாணவர் ஒருவர் குளிக்கச் செலவிடும் தண்ணீர், தேரிக்காட்டு ஊர்களில் ஒரு வீட்டின் ஒரு நாள் தண்ணீராக இருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்பதை முதல் நாளே வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மாணவர்கள் தப்பாக நினைப்பதில்லை.

சாப்பாடு

விருந்தாளிக்காக வீட்டார் கடன் வாங்குவதைத் தடுப்பதே சாப்பாட்டு ஏற்பாட்டின் முதல் நோக்கம். ஒரு வீட்டில் கோழிக்குழம்பு வைத்தால் அடுத்த வீட்டில் ஆட்டுக்கறி, அதற்கடுத்த வீட்டில் பிரியாணி என்று போட்டி ஏறிக்கொண்டே போகும். நாலாம் நாளில் ஓர் எளிய குடும்பம் அரிசிக் கடையில் கணக்கெழுதி வாங்கும். மாணவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இதைத் தவிர்க்க, உணவுப் பட்டியலைப் பெண்கள் சங்கமே எழுதி, எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோலக் கொடுத்துவிட வேண்டும். காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சோறு, குழம்பு, ஒரு கூட்டு, ரசம், மோர், இரவில் கோதுமை உப்புமாவோ சப்பாத்தியோ. வாரத்தில் ஒரு நாள் மீனோ கறியோ, அதுவும் ஆலய வளாகத்தில் பொதுச் சமையலாக.

மதிய உணவைப் பொதுச் சமையலாகவும், காலை இரவு உணவை வீடுகளிலும் வைத்துக்கொள்ளும் முறை பெரும்பாலும் நன்றாக நடக்கிறது. பொதுச் சமையலில் காய் நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் தேய்ப்பது ஆகியவற்றை மாணவர்களும் முறைவைத்துச் செய்ய வேண்டும். ஆண் மாணவர்களும் தேய்க்க வேண்டும். கிராமத்துப் பையன்கள் அதைப் பார்ப்பதும் ஊழியத்தில் ஒரு பகுதிதான்.

சாப்பாட்டுச் செலவுக்கான தொகையைக் குழு முன்கூட்டியே சேகரக் கணக்கில் கட்டிவிட வேண்டும். அதை வீட்டுக்கு வீடு நேரில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வாங்க மறுப்பார்கள், மறுத்தபின் மனம் சங்கடப்படும். சங்கப் பொருளாளர் அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு சிலிண்டராக வாங்கி வீடுகளுக்குப் பகிர்ந்துவிட்டால் யாருக்கும் கௌரவக் குறைவு வராது. வட மாநில மாணவர்கள் இருந்தால் காரத்தைக் குறைக்கச் சொல்லிவைக்கலாம். அதற்குமேல் அவர்களுக்கெனத் தனிச் சமையல் வேண்டாம். வைத்ததைச் சாப்பிடுவது என்பதும் லூக்கா 10 சொல்லும் ஓர் ஏற்பாடு. சைவ உணவுக்காரர், ஒவ்வாமை உள்ளவர் பெயர்களை மட்டும் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். நுங்குக் காலத்தில் நுங்கும், கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தால் போதும், ஊரின் ருசி மனத்தில் நின்றுவிடும்.

வேலை

சேகரம் முன்பே செய்துகொண்டிருக்கும் வேலையில் மாணவர்களைச் சேர்ப்பதே சரியான முறை. விடுமுறை வேதாகமப் பள்ளியை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே நடத்த வேண்டும். மாணவர்கள் செய்கைப் பாடல், கைவேலை, விளையாட்டு ஆகியவற்றில் உதவியாளர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் ஊர் ஆசிரியர் ஒருவர், குழு மாணவர் ஒருவர் என்று இணைத்துவிட்டால், ஜூன் மாதத்தில் குழு இல்லாதபோதும் அந்த ஆசிரியர் கற்ற புதுப் பாட்டும் விளையாட்டும் ஊரிலேயே இருக்கும். முழுப் பள்ளியையும் வந்தவர்கள் கையில் கொடுத்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் உழைக்கும் ஆசிரியைக்கு, தான் போதவில்லை என்ற எண்ணம் வந்துவிடும்.

கல்லூரி மாணவர் என்பதாலேயே அவர்களால் மட்டும் சிறப்பாகச் செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில், கல்லூரி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, கல்வி உதவித்தொகைப் படிவம் என்று எல்லாமே இணையத்தில் நடக்கின்றன. குடும்பத்தில் முதல்முறை கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இவற்றில் எது முதல், எது பிறகு என்று தெரியாது. சென்ற ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ அதே வழியில் வந்த மாணவர் ஒருவர் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓர் ஆண்டு வீணாகாமல் தப்பும். இந்த உதவி எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலக் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் கைப்பிரதி கொடுப்பதோ ஜெபத்துக்கு அழைப்பதோ கூடாது. உதவியைத் தூண்டிலாக்கினால் உதவியும் கெடும், சாட்சியும் கெடும்.

முதியோர் சந்திப்பு மற்றொரு நல்ல வேலை. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, தனியாக வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாச் சேகரத்திலும் உண்டு. கண்பார்வை மங்கியவருக்குச் சங்கீதம் ஒன்றை வாசித்துக் காட்டுவது, அவர் இளமையில் பாடிய கீர்த்தனையை அவர் வாயாலேயே பாடவைத்துக் கேட்பது, மருந்துச் சீட்டை எடுத்து மாத்திரைகளைச் சரிபார்க்க உறவினரை அழைப்பது ஆகியவை ஒரு பிற்பகலில் முடியும் பெரிய காரியங்கள். உபதேசியார் அல்லது சபை ஊழியர் கூடப் போக வேண்டும். அவர் அறிமுகம் செய்தால்தான் கதவு மனதாரத் திறக்கும்.

பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள், விவாகப் பதிவேடுகள் பல ஆலயங்களின் அலமாரிகளில் கரையான் அரித்துக் கிடக்கின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் சேமிக்கவும், கல்லறைத் தோட்டத்துக் கல்வெட்டுகளைப் படித்து எழுதவும் பொறுமையுள்ள நான்கு மாணவர்கள் போதும். பதிவேட்டில் தனிமனிதர்களின் விவரங்கள் இருப்பதால், படங்கள் சேகர அலுவலகத்தின் கணினியில் மட்டுமே இருக்க வேண்டும்.

வேண்டாத வேலைகளையும் சொல்லியாக வேண்டும். ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். அதே ஊரில் நாலு பெயின்டர்கள் வேலையில்லாமல் இருப்பார்கள். அவர்களின் ஒரு வாரக் கூலியை மாணவர்கள் இலவசமாகத் தட்டிப் பறிக்கக் கூடாது. கழிப்பறை கட்ட வேண்டுமானால் கொத்தனாருக்குக் கூலி கொடுத்துக் கட்டவைத்து, மாணவர்கள் சித்தாளாக நிற்கலாம். மருத்துவர் இல்லாத மருத்துவ முகாம் ஆபத்து. நர்சிங் படிக்கும் மாணவியானாலும், பதிவுபெற்ற மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் மாத்திரை கொடுக்கவோ ஊசி போடவோ கூடாது. ஒரு நாள் வந்து பொம்மையும் மிட்டாயும் கொடுத்துவிட்டுப் போவதும் வேண்டாம். அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் வருகிற எல்லாரிடமும் கைநீட்டப் பழகிவிடுவார்கள்.

ஊரும் அக்கம்பக்கமும்

குழு வருவது பஞ்சாயத்துத் தலைவருக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி தேவை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. தெருமுனைக் கூட்டத்தை மாணவர்களின் ஆர்வத்துக்காக நடத்தக் கூடாது. ஊரில் அதற்கு வழக்கமும் அனுமதியும் இருந்தால் மட்டுமே, ஊர் ஊழியரின் தலைமையில் நடத்தலாம். மாணவர்கள் பத்தாம் நாள் ரயில் ஏறிவிடுவார்கள். மனக்கசப்பு ஏற்பட்டால் அதோடு வாழ வேண்டியவர்கள் சபையாரும் அவர்களுடைய இந்து, முஸ்லிம் அயலாரும்தான்.

தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவரப்பட்ட மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒடிசா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இங்கே வந்து பழகிய குழு அடுத்த ஆண்டு அங்கே போகக்கூடும். அந்த வேறுபாட்டை முதல் நாள் கூட்டத்திலேயே சொல்லிவைப்பது நல்லது. அதே கூட்டத்தில் உடை, ஆலயத்துக்குள் செருப்பு, பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமை, சேகர குருவின் மனைவியை ‘ஐயரம்மா’ என்று அழைக்கும் வழக்கம், மாலையில் மாணவ மாணவியர் ஜோடியாக நடந்துபோவதை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது ஆகியவற்றையும் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்ல வேண்டும். மாணவர் தலைவர் படித்துக் காட்டும் விதிமுறையைவிட ஒரு பாட்டி சொல்வது மனத்தில் நிற்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையோடும் வெளியிலிருந்து வந்தவர் யாரும் தனியறையில் தனியாக இருக்கக் கூடாது. வகுப்பில் எப்போதும் பெரியவர் இரண்டு பேர் வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைகளைத் தனியே இருசக்கர வண்டியில் ஏற்றிப் போவது, கைபேசி எண் வாங்கி இரவில் குறுஞ்செய்தி அனுப்புவது இரண்டும் கிடையாது. இதைக் குழுவினர் அனைவரும் எழுதிக் கையெழுத்திட்ட பின்பே ஊருக்குள் வர வேண்டும். சேகரத்துத் தன்னார்வலருக்கும் இதே விதிதான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவதே தண்டனைக்குரியது. சபைக்குள் பேசி முடித்துக்கொள்ளும் விஷயம் அன்று. குழந்தைகள் உதவி எண்ணான 1098 வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படங்களுக்கும் வரம்பு வேண்டும். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையின் முகத்தைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. கிழிந்த சட்டையோடு நிற்கும் பிள்ளையின் படத்தைக் காணிக்கை திரட்டப் பயன்படுத்துவது அந்தப் பிள்ளையை அவமானப்படுத்துவது. பெற்றோர் சம்மதித்தாலும் அது கூடாது.

உடல்நலமும் ஆபத்தும்

மாணவர் பயணங்களில் உயிர் போகும் விபத்துகள் பல தண்ணீரில் நடக்கின்றன. தாமிரபரணியின் மணல் அள்ளிய பள்ளங்களும், பாசனக் கிணறுகளும், திருச்செந்தூர், மணப்பாடு கரைகளின் அலையும் நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும். ஆற்றில் எங்கே குளிக்கலாம் என்று ஊர்க்காரர் காட்டிய இடத்தில், அவர் கூட இருக்கும்போது மட்டும் இறங்கலாம். இது ஒன்றில் விதிவிலக்கே வேண்டாம்.

இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் நடக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் தவறு. கடிபட்டவரை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். நாய்க்கடிக்குத் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. எவ்வளவு சிறிய கீறலானாலும் போட்டுக்கொள்ள வேண்டும். 108 ஆம்புலன்ஸுக்கு ஊர்ப்பெயரோடு சொல்ல வேண்டிய அடையாளத்தை, எந்த ஆலயம், எந்த விலக்கு என்று, எல்லா மாணவர் கைபேசியிலும் பதிவுசெய்ய வேண்டும். காய்ச்சிய நீரும், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் எல்லா வீட்டிலும் இருந்தால் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வீட்டிலேயே அடங்கிவிடும்.

வெளிநாட்டுக் குழு

அமெரிக்காவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாணவர்கள் வருவதானால் சட்டப் பொறுப்பு பல மடங்கு கூடும். இலங்கைத் தமிழ் மாணவர்களும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. சுற்றுலா விசாவில் வருபவர் ஆலய ஆராதனையில் உட்காரலாம். பிரசங்கம் செய்வது, மதக் கருத்துகளைப் பரப்பும் கைப்பிரதி கொடுப்பது, மத மேடையில் பேசுவது ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. மிஷனரிப் பணிக்கென்றே தனி விசா வகை உள்ளது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டுத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் மிஷனரிப் பணி செய்யச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். தாத்தா ஊர் என்பதால் விதி தளராது. ‘ஒரு சாட்சி மட்டும் சொல்லட்டும்’ என்று மேடைக்கு இழுக்கும் பாசம், அந்த மாணவரை நாடு கடத்தும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

வெளிநாட்டவர் தங்கும் இடத்தின் பொறுப்பாளர், அது குருமனையானாலும் தனி வீடானாலும், ‘சி படிவம்’ என்று வழங்கிவரும் தகவலை 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டமும் இந்தக் கடமையைத் தொடர்கிறது. வீடு வீடாகப் பிரித்துத் தங்கவைத்தால் வீட்டுக்கு ஒரு பதிவு தேவைப்படும் என்பதால், வெளிநாட்டுக் குழுவை ஒரே விருந்தினர் இல்லத்தில் வைத்துவிட்டு, பகலில் வீடுகளுக்கு அழைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

பணத்தில் இன்னும் கவனம் தேவை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கலாம். அதுவும் டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் வர வேண்டும். வெளிநாட்டவர் இந்திய ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அப்படி வாங்கிய பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. கூட்டம் முடிந்து உணர்ச்சிப் பெருக்கில் ஒரு மாணவர் கவரில் வைத்து நீட்டும் சில ஆயிரங்களை, ‘அன்புக்கு நன்றி, வாங்க முடியாது’ என்று திருப்பிக் கொடுக்கச் சேகரப் பொருளாளருக்குத் துணிவு வேண்டும்.

முன்பு சொன்ன அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியபோது, வெளிநாட்டு மிஷனரிகள் இந்தியருக்காக நிறையத் தியாகம் செய்தும் நட்பைத் தரவில்லை என்று வெளிப்படையாகவே குறைபட்டார். அந்தக் குறை தீர, வெளிநாட்டு மாணவர்களை மாலை மரியாதையோடு முன்வரிசையில் உட்காரவைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஊர் இளைஞரோடு பாயில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்த்து, வாலிபர் சங்கத்தின் கைப்பந்து ஆட்டத்தில் தோற்கவும் அவர்களுக்கு இடம் தர வேண்டும்.

பணமும் கணக்கும்

உள்நாட்டுக் குழுவின் பணமும் சேகரக் கணக்கு வழியாக மட்டுமே வர வேண்டும், ரசீது போட வேண்டும். சபையார் தனித்தனியாக மாணவர்களிடம் கல்விக் கட்டணமோ கைபேசியோ கேட்பது நடக்கும். அப்படிக் கேட்டால் சேகர குருவிடம் சொல்லும்படி மாணவர்களிடமும், கேட்க வேண்டாம் என்று ஆராதனை அறிவிப்பிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை. உண்மையான தேவையை, வந்தவர் பெயர் தெரியாமல், சேகர உதவி நிதி வழியாகப் பிறகு தீர்க்கலாம்.

புறப்பாடும் அதன் பிறகும்

ஒவ்வொரு இரவும் அரை மணி நேரம் சேகரத்துப் பெரியவர் ஒருவர் குழுவோடு உட்கார்ந்து, அன்று பார்த்ததைப் பேசவைக்க வேண்டும். எது புரியவில்லை, எது மனத்தை உறுத்தியது என்று கேட்டால், சாதி, வரதட்சணை, வறட்சி, வெளிநாட்டுப் பணம் எல்லாம் வெளியே வரும். அவற்றுக்கு ஊர்க்காரரே விடை சொல்லும் அந்த அரை மணி நேரம்தான் மாணவர்களுக்கு மற்ற எல்லா நிகழ்ச்சிகளையும்விடப் பயன்படுகிறது.

கடைசி நாளின் வழியனுப்பு ஆராதனையைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். சால்வை, நினைவுப் பரிசு, நீண்ட பாராட்டுரை எதுவும் தேவையில்லை. அடுத்த மாதம் வருவேன், படிக்கவைப்பேன், பணம் அனுப்புவேன் என்ற வாக்குறுதிகளைப் பிள்ளைகளிடம் தரக் கூடாது என்று முந்தின நாளே மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தொடரக்கூடிய தொடர்பு எது என்பதைச் சேகரமே முடிவுசெய்யலாம். கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவிய பிள்ளைகளைப் பற்றி ஆகஸ்டில் ஒரு தொலைபேசி அழைப்பு, கிறிஸ்துமஸுக்கு ஆலயத்துக்கு ஒரு கடிதம் போன்றவை போதும்.

குழு போன இரண்டு வாரத்துக்குள் கமிட்டியும் பெண்கள் சங்கமும், வீடு கொடுத்த குடும்பங்களும் ஒன்றாகக் கூட வேண்டும். செலவுக் கணக்கு, வீட்டாரின் குறைகள், பிள்ளைகள் சொன்னது, எந்த வேலை ஜூன் மாதத்திலும் நடக்கிறது, எது நின்றுபோனது என்பவற்றைச் சேகரக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். குழுவை அனுப்பிய கல்லூரிக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். குறைகளை மறைத்து எழுதும் அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியிலிருந்து தொலைபேசி வரும்போது, கமிட்டி முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்தக் குறிப்பேட்டைத்தான்.